எல்லாம் புதுசாக வேண்டும், எதையும் மாற்றாமல்

ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் ரசிகனிடம், அடுத்த பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டே நிபந்தனைதான் சொல்வான். எல்லாமே புதுசாக இருக்க வேண்டும். ஒன்றையும் மாற்றக் கூடாது. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டு, ‘இதுகூடவா முடியாது?’ என்றும் கேட்பான். எனக்கு இவனை நன்றாகத் தெரியும். என் சட்டையைத்தான் போட்டிருக்கிறான்.

2021 மே 27. முதல் ‘டிராகன் குவெஸ்ட்’ வெளியாகி 35 ஆண்டு நிறைந்த நாள். அன்று நேரலையில் வந்தார் யூஜி ஹோரி. 1986-லிருந்து இந்தத் தொடரைக் கட்டி மேய்க்கிறவர். ஸ்க்வேர் எனிக்ஸ் நிறுவனம் காட்டியது என்ன? இருட்டு, கொஞ்சம் நெருப்பு, ‘டிராகன் குவெஸ்ட் 12’ என்ற தலைப்பு. ஹீரோ இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. கதை பெரியவர்களுக்கானதாக, சற்று இருண்டதாக இருக்கும்; கட்டளை கொடுத்துச் சண்டை போடும் முறையும் புதுப்பிக்கப்படும் என்று ஹோரி சொல்லிவைத்தார்.

‘புதுப்பிக்கப்படும்’ என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நெருப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே எங்காவது பழைய கட்டளைப் பெட்டி தெரிகிறதா என்று.

அந்தப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது என்று என் அக்கா மகனுக்குப் புரிவதில்லை. துப்பாக்கி கேம்களில் வளர்ந்தவன். நான் 11-ஆம் பாகம் ஆடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, அவன் ஏன் அடிக்காம சும்மா நிக்கிறான்?”

“இது நம்ம முறைடா. நாம அடிச்சப்புறம்தான் அவன் அடிப்பான்.”

“எதிரிதானே? அவனுக்கு எதுக்கு இவ்ளோ மரியாதை?”

அந்த மரியாதைக்காகத்தான் உயிரை விடுகிறோம். 2006 டிசம்பரில் 9-ஆம் பாகத்தை நின்டென்டோ டிஎஸ்ஸுக்கு அறிவித்தபோது, முறை பார்க்காமல் நேரடியாக அடித்துக்கொள்ளும் சண்டையைக் காட்டினார்கள். ஜப்பானிய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். தயாரித்தவர்கள் இறங்கிவந்து, பழையபடி கட்டளைச் சண்டையாகவே மாற்றி, 2009 ஜூலையில் வெளியிட்டார்கள். ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. கத்தினால் காரியம் நடக்கும் என்ற தெம்பு அன்று வந்ததுதான், இன்றுவரை இறங்கவில்லை.

இதே நிறுவனத்தின் இன்னொரு பிள்ளை ‘ஃபைனல் ஃபேன்டசி 7’. அசல் வந்தது 1997-ல். 2005-ல் பிளேஸ்டேஷன் 3-இன் சக்தியைக் காட்ட, அதன் தொடக்கக் காட்சியைப் புது மெருகோடு ஓட்டினார்கள். வெறும் செய்முறை விளக்கம்தான் என்றார்கள். யார் காதில் விழுந்தது? 2014 டிசம்பரில் ஒருவழியாக மேடையில் அறிவிப்பு வந்தது: அதே பழைய கேம், பிளேஸ்டேஷன் 4-க்கு வருகிறது. கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. எதையும் மாற்றாதே என்றவர்களும் நாங்கள்தான். மாற்றாமல் கொடுத்ததும் முகம் தொங்கிப் போனவர்களும் நாங்கள்தான்.

அடுத்த ஜூனில் ரீமேக் அறிவிப்பு வந்தது. 2020-ல் கைக்கு வந்தபோது பார்த்தால், அசலில் சில மணி நேரத்தில் கடந்துபோகும் மிட்கார் நகரம் மட்டுமே ஒரு முழு கேம். மிச்சக் கதைக்குத் தனித்தனியாகக் காசு.

அதற்குள் ஒரு குறும்பும் இருந்தது. முக்காடு போட்ட ஆவிகள், பெயர் ‘விஸ்பர்’. கதை பழைய தடத்திலிருந்து அரை அடி விலகினால் போதும், கூட்டமாக வந்து குறுக்கே விழுந்து மறித்துவிடும். பார்த்ததுமே நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துவிட்டது. கடைசியில் பெரிய சண்டையே அவற்றோடுதான். என்னைப் போலவே ஒரு வில்லனைச் செய்து, என்னிடமே விற்று, என் கையாலேயே அடிக்கவும் வைத்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

இதற்கு ஹோரியின் வழியே தேவலை. 2021 செப்டம்பரில் தொடரின் இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா மறைந்தார். 2024 மார்ச்சில், பாத்திரங்களை வரைந்த அகிரா தோரியாமாவும் போய்விட்டார். அந்த ஆண்டு மே 27 அன்று, 12-க்காகக் காத்திருப்பவர்களிடம் ஹோரி மன்னிப்புக் கேட்டார். இருவருக்கும் கடைசிப் படைப்பாகிவிட்ட இதை அவர்களுக்குத் தகுந்ததாக ஆக்கத்தான் பாடுபடுகிறோம் என்றார். தேதி சொல்லவில்லை; ‘உலகம் இதுவரை காணாத’ என்று சவடாலும் விடவில்லை. என் போன்றவன் வாயைக் கட்ட இதைவிட வேறு வழி கிடையாது.

ஆகவே நிறுவனங்களே, சமைத்து இறக்கும் வரை பெயரைக்கூட வெளியே விடாதீர்கள். ரசிகப் பெருமக்களே, 11-ஆம் பாகத்தை ஆற அமர ஆடி முடிக்க நூறு மணி நேரம் போல ஆகும். அதைப் பாதியில் போட்டு வைத்திருப்பவர்கள், 12 ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கக் கூடாது. முதலில் அதை முடியுங்கள். பிறகு வந்து கத்துங்கள்.