பழைய சிம்னியோடு குடித்தனம் நடத்துவது எப்படி

முதலில் வாழ்த்துகள். இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீடு ஒன்றை வாங்கிவிட்டீர்கள். தரகர் கூடத்துக் கணப்பைக் காட்டி “எல்லாம் அசல் வேலைப்பாடு” என்று சொன்னபோதே விலை கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த அழகுக்கு மேலே சுவருக்குள் ஒரு புகைவழி கூரைவரை போகிறது. அதைப் பற்றி அவர் வாய் திறந்திருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். இதை அப்படியே காப்பாற்றுங்கள். கணப்பின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே தலையை நீட்டி அண்ணாந்து பார்ப்பது மட்டும் கூடாது.

பார்த்தே தீருவேன் என்பவர்கள் தெருவில் நின்று கூரையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணப்புக்கும் தனிப் புகைவழி வைத்துக் கட்டினார்கள். மேலே நான்கு சுடுமண் குழல்கள் தெரிந்தால் வீட்டுக்குள் நான்கு புகைவழிகள். ஒன்றுதான் கூடத்தில் இருக்கிறதே, மற்ற மூன்று எங்கே? முந்தைய சொந்தக்காரர் பலகை வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருப்பார். காற்றுப் போக ஒரு துளைகூட விடாமல் அடைத்திருந்தால் படுக்கையறைச் சுவரில் ஈரம் பூக்கும். அதை மறைக்க மறுபடியும் பெயின்ட் அடியுங்கள். அவரும் அதைத்தான் செய்தார்.

1965-க்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் புகைவழிக்குள் உறைக்குழாய் இருக்காது. செங்கல்லின் மேல் சுண்ணாம்புக் காரை பூசியதோடு சரி. காரையில் மாட்டுச் சாணமும் கலப்பார்கள். நம் பாட்டிமார் தரையில் மெழுகியதை வெள்ளைக்காரர்கள் சிம்னிக்குள் மெழுகியிருக்கிறார்கள். பாட்டி அடிக்கடி புதுசாக மெழுகினாள், இவர்கள் ஒரு தடவையோடு விட்டுவிட்டார்கள். அந்தக் காரை உதிர்ந்த இடத்தில் புகை மாடி அறைக்குள் கசியலாம். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரம் ஒன்றைக் கூடத்தில் மாட்டுங்கள். படத்தில் அழகாக விழாது, பரவாயில்லை.

அடுத்து விறகு. சிம்னியைச் சீக்கிரம் அடைக்க ஆசையிருந்தால் ஈர விறகைப் போல ஒத்தாசை வேறெதுவும் இல்லை. இங்கிலாந்தில் இதற்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2021-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். தோட்டத்து மரத்தை வெட்டி அன்றைக்கே எரிப்பதை யாரும் தடுக்கவில்லை. இரவில் விறகு மிச்சமாகட்டும் என்று காற்றுத் துவாரத்தை மூடிவைத்தால் இன்னும் நல்லது. நெருப்பு புழுங்கும், புகை சூடில்லாமல் மெல்ல மேலேறும், குளிர்ந்த செங்கல்லில் பட்டுப் படியும். இந்தப் படிவுக்குப் பெயர் கிரியோசோட். ஆரம்பத்தில் உதிரிக் கரியாக இருக்கும், பிரஷ் பட்டால் கொட்டிவிடும். கவனிக்காமல் விட்டால் கறுத்துப் பளபளக்கும் தாராக இறுகி, எந்தப் பிரஷுக்கும் அசையாது. அது தீப்பற்றினால் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுவருக்குள்ளிருந்து ஓவென்று ஓர் இரைச்சல் கேட்கும். இந்த இடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தண்ணீர் ஊற்றாதீர்கள், காற்றுத் துவாரங்களை மூடுங்கள், எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் 999-ஐ அழையுங்கள்.

கைவைத்தியங்களும் உண்டு. உருளைக்கிழங்குத் தோலை எரித்தால் கரி தானே உதிரும் என்பார்கள். தோல் எரியும், அவ்வளவுதான். முன்காலத்தில் முள்ளிலைப் புதரைக் கயிற்றில் கட்டிச் சிம்னிக்குள் மேலும் கீழும் இழுத்ததுண்டு. வாத்தின் காலில் கயிறு கட்டி உள்ளே இறக்கியதாகவும் சொல்வார்கள். அது படபடவென்று சிறகடித்ததில் கரி உதிர்ந்ததாம். இதையெல்லாம்விடச் சல்லிசாகக் கிடைத்தவர்கள் ஏழைச் சிறுவர்கள். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சிம்னிக்குள் ஏற்றக்கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தது. 1840-இல் அதை 21 வயதாக உயர்த்தினார்கள். இரண்டையும் யாரும் சட்டை செய்யவில்லை. 1875-இல் கேம்பிரிட்ஜ் பக்கம் ஃபுல்போர்ன் மருத்துவமனைச் சிம்னிக்குள் சிக்கி ஜார்ஜ் பிரூஸ்டர் என்ற சிறுவன் செத்த பிறகுதான் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு வலுவான சட்டத்தை நிறைவேற்ற முடிந்தது. நீண்ட கம்பில் பொருத்திய பிரஷ் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பல வீட்டம்மாக்களுக்கு அது பிடிக்கவில்லை. பிரஷ் என்றால் கம்பளத்தில் கரி விழுமாம்.

1875 சட்டப்படி சிம்னிக்காரருக்குப் போலீஸ் உரிமம் கட்டாயம். இன்று அது கிடையாது, பிரஷ் வைத்திருப்பவரெல்லாம் சிம்னிக்காரர். ஆகவே ஆள் பிடிப்பது எளிது, நல்ல ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினரா, காப்பீடு உண்டா, வேலை முடிந்ததும் சான்றிதழ் தருவாரா என்று கேளுங்கள். பிறகு தீ விபத்து என்று போய் நின்றால் காப்பீட்டு நிறுவனம் அந்தச் சான்றிதழைக் கேட்கலாம். வந்து பத்தே நிமிஷத்தில் “உள்ளே எல்லாம் போச்சு சார், இன்றைக்கே புதுக் குழாய் போடணும்” என்பவரிடம் கேமராவை விட்டுப் படம் காட்டச் சொல்லுங்கள். கேமரா வண்டியில் இல்லை என்றால், ஆளையும் வண்டிக்கே அனுப்பிவிடுங்கள்.

நல்ல சிம்னிக்காரர் வந்ததும் கணப்பின் வாயைத் துணியால் மூடி, சின்னத் துவாரம் வழியாகக் கம்புகளை ஒவ்வொன்றாகக் கோத்து மேலே தள்ளுவார். திருகிப் பூட்டும் பழைய வகைக் கம்பானால் எப்போதும் வலப்பக்கமாகவே சுழற்றுவார். இடப்பக்கம் சுழற்றினால் மரை கழன்று பிரஷ் மேலேயே தங்கிவிடும். “நீங்களே செஞ்சுடலாமே” என்று மைத்துனர் கம்பு வாங்கி வந்தால் இதைச் சொல்லாதீர்கள், அவராகவே தெரிந்துகொள்வார். நடுவில் உங்களைத் தோட்டத்துக்கு அனுப்பி, பிரஷ் தலை குழலுக்கு மேலே வருகிறதா என்று பார்க்கச் சொல்வார். முழு வேலையிலும் உங்கள் பங்கு இது ஒன்றுதான். வந்ததும் உரக்கக் கத்துங்கள்.

விறகு எரிப்பவர்கள் குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, புகையில்லாக் கரி எரிப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது கூப்பிட வேண்டும். எல்லோரும் முதல் குளிர் அடித்ததும் அக்டோபரில்தான் கூப்பிடுவார்கள். அப்போது சிம்னிக்காரர் போனையே எடுக்க மாட்டார். வசந்தத்தில் கூப்பிட்டால் ஜாக்டா என்னும் சின்னக் காக்கை புகைவழிக்குள் குச்சியாகப் போட்டுக் கூடு கட்டியிருக்கும். குஞ்சு பறக்கும்வரை கூட்டைத் தொட 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் விடாது. ஆகவே வியர்த்து வழியும் ஒரு ஜூலைக் கடைசியில் கூப்பிடுங்கள். முதல் மணியிலேயே எடுப்பார், கொஞ்சம் சந்தேகமாகத்தான் பேசுவார்.