பூதிகோட்டைக்காரர் பனிச்சுவர் ஏறுவது எப்படி?

ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டையில் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமானால் கரும்புச்சாறு வண்டிக்குத்தான் போக வேண்டும். அதில் ஏற முடியாது. உறைந்த அருவியில் ஏறியே தீருவேன் என்பவர்களுக்கான வழிகாட்டி இது.

1. முதலில் பரம்பரைப் பெருமை பேசுங்கள். “எங்க தாத்தா பக்கத்துல இருக்குற கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல மூணு கிலோமீட்டர் ஆழம் எறங்குனவரு. மூணரை கிலோமீட்டர் ஒசரம் எனக்கு எம்மாத்திரம்?” கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் தாத்தா போன இடத்தில் காற்று கனம், பாறையில் 60 டிகிரிக்கு மேல் சூடு. நீங்கள் ஏறப்போகும் லடாக்கின் லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியும் சகஜம். தைரியம் வாரிசாக வரும், ஆக்சிஜன் வராது.

2. பயிற்சிக்குத் தங்கவயலின் சயனைடு மேட்டைச் சிபாரிசு செய்யும் நண்பரைத் தவிர்க்கவும். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. பனிக்கோடரி நிற்காது, தூசி மட்டும் கண்ணில் நிற்கும். கோலார் அந்தரகங்கைப் பாறைகளில், தெரிந்தவர் துணையோடு, கயிறும் முடிச்சும் பழகலாம்.

3. பெங்களூரு விமான நிலையம் சுமார் 900 மீட்டர் உயரம். லே சுமார் 3,500. சில மணி நேரத்தில் விமானம் உங்களை அங்கே இறக்கிவிடும். உடம்பு வந்து சேர நாளாகும். முதல் 2 நாட்கள் நீங்கள் செய்ய வேண்டிய வீரசாகசம், படுத்துக் கிடப்பது. மது கூடாது. உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். பக்கத்து சீட்காரரை அல்ல.

4. லேவுக்கு மேலே காங்லஸ் கிராமத்தில் குளிர்காலத்தில் உறைந்த அருவியில் ஏறுகிறார்கள். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களுக்கு கிராம்பான் என்று பெயர். முன்பற்களைப் பனியில் உதைத்து ஊன்றி, குதிகாலைத் தாழ்த்தி, காலை நம்பி ஏறுங்கள். கையை நம்பினால் பத்தடியில் தோள் ராஜினாமா செய்யும். கோடரியை ஓங்கி அறைந்தால் பனி தட்டுத்தட்டாகப் பெயர்ந்து விழும். கீழே கயிறு பிடிப்பவரை ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள். அவருக்குக் கடன் பாக்கி இருந்தால் ஏறும் முன்பே தீர்த்துவிடுங்கள்.

5. விறைத்த விரல்களில் ரத்தம் திரும்பும்போது அலறலும் குமட்டலும் சேர்ந்தே வரலாம். அதை ரீல்ஸ் ஆக்க வேண்டாம், அம்மா பார்ப்பார்.

6. தலைவலியோடு வாந்தியா? நடை தள்ளாடுகிறதா? சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? ஒரு அடிகூட மேலே போகாதீர்கள்; உடனே இறங்குங்கள். இறங்குவதில் நமக்கு என்ன வெட்கம்? 2001-இல் தங்கச் சுரங்கத்தை மூடும்வரை, நூறாண்டுக்கும் மேலாக, சம்பளம் வாங்கிக்கொண்டு இறங்கிய வட்டாரம் இது.