வறுமைக்கும் மேன்முறையீடு

2023 ஜூனில் இலங்கை அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான பெயர்ப் பட்டியல் வந்தது. 22 குறிகாட்டிகளை வைத்து வறுமையை அளந்திருந்தார்கள். வீட்டுக் கரண்ட் பில்லும் சாட்சி சொன்னது. அப்போது மிக வறியவருக்கு மாதம் 15,000 ரூபா, வறியவருக்கு 8,500. பெயர் விடுபட்டவர் ஜூலை 10க்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். நாடெங்கும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. முந்தைய வருடம் சனம் திரண்டபோது ஒரு ஜனாதிபதியே நாட்டைவிட்டுப் போனார். இம்முறை கோப்புதான் தடித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் பெறுவதை ஆட்சேபிக்கவும் வழி வைத்திருந்தார்கள். நம் சனத்தின் சுபாவம் தெரிந்த யாரோதான் அதை யோசித்திருக்க வேண்டும்.

ஓட்டமாவடிப் பக்கம் மேன்முறையீட்டுக்கென்றே ஒரு உரையாடல் உண்டு.

“மகன், என்ட மனு என்னாச்சு?”

“பரிசீலனையில இருக்கு உம்மா.”

“ஆரு பரிசீலிக்கிற?”

“அது கொழும்புல.”

கவுண்டரில் இருக்கும் பொடியனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்கும் திரையில் தெரிவது அந்த ஒரு சொல்தான். உம்மா கடனுக்கு அரிசி வாங்கப் போகிறா. கடைக்காரரின் பரிசீலனை ஒரு நிமிடத்தில் முடிகிறது, மேன்முறையீடு கிடையாது.

மனுச் செய்தவர்களே, பிரதியைப் பத்திரமாக வையுங்கள். சொத்து விபரத்தில் மட்டும் அதைக் காட்டிவிடாதீர்கள்.