சின்னப் பொய்க்கு முத்திரை, பெரிய பொய்க்கு மாலை

ஐந்து லட்சம் வெள்ளி என்றால் எவ்வளவு என்று மலாக்காவின் ஜாசின் பக்கத் தோட்டத்தில் இன்னும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருக்கும் நம்மவரிடம் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சோறு தின்னாமல், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றாமல், பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்காமல் அப்படியே சேர்த்து வைத்தால் இருபத்து நான்கரை வருடத்தில் அந்தத் தொகை கையில் இருக்கும். பொய்யென்று தெரிந்த ஒன்றைப் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கில் இணையத்தில் பரப்பினால், தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் அதுதான். முன்பு 50,000 வெள்ளியாக இருந்தது. 2025 பிப்ரவரி 11 முதல் பத்து மடங்கு. சிறைத் தண்டனையும் ஓராண்டிலிருந்து ஈராண்டாக வளர்ந்திருக்கிறது. அரிசி, முட்டை எல்லாம் விலை ஏறும்போது பொய் மட்டும் பழைய விலைக்கே விற்கவேண்டுமா என்ன?

பொய்யன் அபராதம் கட்டினால் உனக்கென்ன எரிச்சல் என்று கேட்பீர்கள். எரிச்சல் அபராதத்தின் மேல் இல்லை, அதை எழுதும் கையின் மேல். என்ன சொன்னான் என்று பார்த்து எழுதும் கையா அது, யார் சொன்னான் என்று பார்த்து எழுதும் கையா?

ஐந்து லட்சம் என்பது நமக்குப் பழைய கணக்கு. 2018 ஏப்ரலில், பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், பிரதமர் நஜிப்பின் அரசு பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டம் ஒன்றை அவசர அவசரமாக நிறைவேற்றியது. அதிலும் உச்ச அபராதம் ஐந்து லட்சம் வெள்ளி, சிறை ஆறு ஆண்டு. முதல் வரைவில் பத்து ஆண்டு போட்டிருந்தார்கள். பிறகு மனம் இளகி ஆறாக்கினார்கள். அந்த வலையில் விழுந்த முதல் திமிங்கலம் யார் தெரியுமா? சுற்றுலா வந்த டென்மார்க் குடிமகன் ஒருவர். ஏப்ரல் 21ஆம் தேதி செத்தாப்பாக்கில் பாலஸ்தீன விரிவுரையாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போலீஸ் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது என்று டென்மார்க்காரர் யூடியூபில் ஆத்திரத்தில் பேசினார். எட்டே நிமிடத்தில் வந்துவிட்டோம் என்றது போலீஸ். ஒரு வாரச் சிறை, பத்தாயிரம் வெள்ளி அபராதம். கட்டப் பணம் இல்லாததால் ஒரு மாதம் உள்ளே. நாற்பத்திரண்டு நிமிட வித்தியாசத்துக்கு ஒரு மாதம். இந்த வாய்ப்பாட்டை அப்படியே மேலே கொண்டுபோனால் சில அமைச்சர்களுக்குப் பல ஜென்மம் போதாது.

கொண்டுபோக மாட்டார்கள். அதே பருவத்தில் துணையமைச்சர் ஒருவர், அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி பற்றி அரசாங்கம் உறுதிப்படுத்தாத எந்தச் செய்தியும் பொய்ச் செய்திதான் என்று சொன்னார். திருடனைப் பற்றிய செய்தியைத் திருடனே உறுதிப்படுத்த வேண்டும் என்ற அந்த இலக்கணத்துக்கு ஒரு பட்டமாவது கொடுத்திருக்கலாம். பிரதமரின் சொந்த வங்கிக் கணக்கில் 260 கோடி வெள்ளி வந்து விழுந்தது 2015இல் வெளியே தெரிந்ததும், அது அரபு அரச குடும்பத்தின் நன்கொடை என்றார்கள். 2016 ஜனவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவரும் அதையே சொல்லி, குற்றமில்லை என்று கோப்பை மூடினார். 2020 ஜூலை 28ஆம் தேதி எஸ்.ஆர்.சி. வழக்கில் நஜிப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை விதித்த நீதிபதி, அரபு நன்கொடை என்ற தற்காப்பை ஏற்கவில்லை. தண்டனை ஊழலுக்குத்தான். அந்த நன்கொடைக் கதையை மேடைக்கு மேடை நமக்கு ஊட்டியவர்களில் எவரும் பொய் சொன்னதற்காக நீதிமன்றப் படியேறி நான் பார்க்கவில்லை. மாலை போட்டுக்கொண்டு அடுத்த மேடைக்குப் போனார்கள். மாலை வாங்கிக் கொடுத்ததும் நாம்தான்.

அந்தப் பொய்ச் செய்திச் சட்டத்தை ஒழிப்போம் என்று வாக்குக் கேட்ட கூட்டணி, 2018 ஆகஸ்டில் மக்களவையில் ஒழித்தது, மேலவை மறுத்தது, 2019 டிசம்பரில்தான் முடிந்தது. 2021இல் அவசரகாலச் சட்டம் என்ற வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. இப்போது ஐந்து லட்சம் வேறொரு சட்டத்துக்குள் குடியேறிவிட்டது. குடியேற்றியது யார்? ஒழிப்போம் என்ற அதே கூட்டணி தலைமையேற்ற ஆட்சி.

மலாக்காக்காரர்களுக்கு இது கோலாலம்பூர்க் கதை இல்லை. 2019 அக்டோபர் 10ஆம் தேதி காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதனைக் கைது செய்தார்கள். மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்; அவருடைய கட்சிக்கு மாநிலத்திலும் மத்தியிலும் ஆட்சியில் பங்கு. அவரோடு மொத்தம் பன்னிரண்டு தமிழர்கள், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று, சொஸ்மா எனும் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஜாமீன் இல்லாமல். பத்து வருடத்துக்கு முன்பு போரில் அழிக்கப்பட்ட ஓர் இயக்கம் அலோர் காஜா வட்டாரத்தில் உயிர்த்தெழுந்துவிட்டதென்று நாட்டுக்கே சொல்லப்பட்டது. நான்கு மாதம் கழித்து, 2020 பிப்ரவரி 21ஆம் தேதி, சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் குற்றச்சாட்டுகள் அனைத்தையும் கைவிட்டார். கைப்பேசியிலும் முகநூலிலும் தனக்குப் பிடித்த தலைவரின் படத்தை வைத்திருப்பதைக் குற்றமென்பது அபத்தம் என்ற பொருளில் அறிக்கை விட்டார். அடுத்த சில நாளில் அந்த அரசே கவிழ்ந்தது தனிக்கதை.

2017 மார்ச்சிலிருந்து நம் அரசுக்குச் ‘செபெனார்ஞா’ என்ற உண்மை சரிபார்ப்புத் தளம் இருக்கிறது. வெந்நீர் குடித்தால் கோவிட் ஓடிவிடும் என்ற வதந்தி வந்தால் முத்திரை. உதவித் தொகை பெற இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வந்தால் முத்திரை. நல்ல வேலை, மறுக்கவில்லை. காடேக்கில் பயங்கரவாதி என்று நாடு முழுக்கச் சுற்றிய செய்திக்கு மட்டும் முத்திரை விழுந்ததை நான் இன்றுவரை பார்க்கவில்லை. முத்திரைக்கட்டை அரசாங்கத்தின் மேசையில் இருக்கிறது. மை அவர்கள் காசு. சொந்த நெற்றியில் யார் குத்திக்கொள்வார்?

இனி மற்ற பக்கத்துக்காரர்கள் சிரிப்பதை நிறுத்தலாம். சிவப்பு அடையாள அட்டைக்கு வருகிறேன். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதியப்படாமல் போன பிள்ளைகள். சுதந்திரத்தின்போது எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும் என்று ஒரு கிராணியும் சொல்லாததால் விட்டுப்போன பெற்றோர்கள். பிறந்த மண்ணிலேயே அந்நியராக முதுமையடைந்த இந்த மக்களை வைத்து ஆண்டாண்டாக ஓர் எண் மேடையில் முழங்கியது: மூன்று லட்சம். நாடற்ற இந்தியர் மூன்று லட்சம் பேர் என்று அன்றைய எதிர்க்கட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. யார் எண்ணியது, எந்த ஊரில் எத்தனை பேர் என்று கேட்டவனைத் துரோகி என்றார்கள். அன்றைய அரசு தன் பங்குக்குப் பதிய வந்தவர்களை மட்டும் எண்ணி, வராதவர்கள் பிறக்கவே இல்லை என்பது போலப் பேசியது. 2018 தேர்தல் அறிக்கையில், நூறு நாளில் தீர்ப்போம் என்ற வாக்குறுதி வந்தது. வென்றார்கள். அந்த ஆண்டே 60 வயதும் அதற்கு மேலும் ஆன, சிவப்பு அட்டை வைத்திருந்த 3,407 பேர் குடியுரிமைக்குத் தகுதி என்று அறிவித்தார்கள். மூன்று லட்சத்தில் மிச்சப் பேர் எங்கே போனார்கள்? எண் பொய்யா, வாக்குறுதி பொய்யா? இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருந்தே தீர வேண்டும். இதைச் சரிபார்க்கச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு எண்ணத் தெரிந்த ஒரு மண்டோர் போதும். எண்ணவில்லை. எண்ணினால் அடுத்த தேர்தலுக்கு அந்த எண் உதவாது.

நாமும் ஒன்றும் சத்தியவான்கள் இல்லை. 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலுக்கு முன்னால் நின்று தேங்காய் உடைத்துவிட்டு, செருப்பை மாட்டும் முன்பே வாட்ஸ்அப் எனும் புலனத்தைத் திறந்து, திருநள்ளாற்றுக்கு மேல் செயற்கைக்கோள் நின்றுபோய் நாசாவே அதிர்ந்தது என்று அனுப்புகிற சாதி நாம். ‘சரிபார்த்தீங்களாண்ணே?’ என்று கேட்டால், ‘நல்லதைத்தானே தம்பி அனுப்புறேன்’ என்கிறார் குழுவின் பெரியவர். நாசாவுக்கு இருக்கிற வேலையில் பாதி நம் கோயில்களைக் கண்டு வியப்பது என்று நம்பும் ஒரு சமூகம், மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் என்று எதிர்பார்ப்பது என் தப்பு.

நல்லது மட்டும்தான் அனுப்புகிறோமா? 2013 மே 5ஆம் தேதி, பதின்மூன்றாவது பொதுத் தேர்தல். நாற்பதாயிரம் வங்காளதேசிகள் விமானம் விமானமாக வந்திறங்கி வாக்குப் போடுகிறார்கள் என்று நம் கைப்பேசிகளும் கத்தின. எண்ணுமிடத்தில் மின்சாரத்தை அணைத்துப் பெட்டியை மாற்றினார்கள் என்று இரவு முழுக்க அழுதோம். வாக்குச்சாவடி வாசலில், ‘பங்களா’ போலத் தெரிந்தவர்களை மறித்து அடையாள அட்டை கேட்டது கூட்டம். கறுத்த தோல் என்றால் சந்தேகம் என்ற விதிக்கு நாமும் கை தட்டினோம், நம் தோல் என்ன நிறமென்று மறந்து.

ஐந்து வருடம் கழித்து அந்த விதி நம்மைத் தேடி வந்தது. 2018 மே 9. இங்கே நாம் விரலில் மை வைத்துக்கொண்டு ஆட்சி மாறுமா என்று காத்திருந்த அதே புதன்கிழமை. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு காரில் சிலர் போனார்கள். மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்கள் அதில் இருந்தார்கள். தாத்தா கப்பலேறும்போது விட்டுப்போன சாமியைத் தேடி எத்தனை தோட்டத்துக் குடும்பங்கள் இப்படிப் போயிருக்கின்றன! கூட வந்த 65 வயது மூதாட்டி, வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் இறங்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் வட மாவட்டங்களை ஏற்கெனவே கொதிக்க வைத்திருந்தது. கூட்டம் கூடியது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். மற்றவர்கள் குற்றுயிரானார்கள். அடித்தவர்களில் யாரும் தன்னைக் கெட்டவன் என்று நினைத்திருக்க மாட்டான். நல்லதைத்தான் ‘ஃபார்வர்ட்’ செய்திருப்பான், நம் குழுப் பெரியவரைப் போலவே.

அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரேயடியாக அனுப்ப முடியாதபடி தடுத்தது. உலகத்துக்கெல்லாம் அந்தத் தடை வர 2019 ஆனது. முதலில் பிணம், பிறகு பொத்தான். அமெரிக்கக் கம்பெனிக்கு இதுதான் வரிசை முறை போலும்.

இதற்கிடையில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றது. ஒரு நாளிதழ் செத்ததற்கு ஒரு நாள் புலம்பினோம், புலனத்தில். பத்திரிகையில் பொய் வந்தால் மறுநாள் ஆசிரியர் மேசையில் போய்த் தட்டிக் கேட்கலாம். குழுவில் வந்த குரல் பதிவின் மேசை எங்கே இருக்கிறது?

செராமா எனும் அரசியல் கூட்டத்திலும் கேட்க முடிந்தது. பேசுகிறவர் அள்ளிவிடும்போது பின்வரிசையிலிருந்து, ‘போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க, வீட்டு மனை என்னாச்சு?’ என்று ஒரு கிழவர் கத்துவார். அந்தக் கிழவர்தான் நம் தோட்டப்புறத்தின் உண்மை சரிபார்ப்பு ஆணையம், சம்பளமில்லை, பதவியில்லை. 2021 மலாக்கா மாநிலத் தேர்தலில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதால் கவிழ்ந்த ஆட்சிக்குத் தேர்தல். கோவிட் காரணமாக அக்டோபர் 25 முதல் நவம்பர் 27 வரை எந்தக் கூட்டத்துக்கும் தடை. பிரச்சாரம் முழுவதும் கைப்பேசித் திரைக்குள் போனது. மெர்லிமாவ் முதல் மஸ்ஜிட் தானா வரை வேட்பாளர்கள் வீடியோவில் சிரித்தார்கள். வீடியோவின் பின்வரிசையிலிருந்து கத்த முடியாது. கத்தினாலும் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். நவம்பர் 20இல் 28 தொகுதியில் 21ஐத் தேசிய முன்னணி அள்ளியது. மூன்றில் ஒரு பங்கு வாக்காளர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. வாக்குறுதியைச் சரிபார்த்துச் சலித்தவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

2025 ஜனவரி 28ஆம் தேதி, அபராதம் பத்து மடங்காவதற்கு இரண்டு வாரம் முன்பு, ‘ஐஃபா’ என்ற இயந்திரத்தைத் திறந்து வைத்தார்கள். செய்தியை அனுப்பினால் உண்மையா பொய்யா என்று செயற்கை நுண்ணறிவு சொல்லுமாம். மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும். தமிழ்ப் பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்ட வருடக்கணக்கில் கோப்பு நகராத நாட்டில் நமக்கென்று தமிழ் பேசும் இயந்திரம் வந்ததில் சந்தோஷம்தான்.

ஆகவே மாண்புமிகு தொடர்புத்துறை அமைச்சர் அவர்களுக்கு, மலாக்கா வாக்காளரின் பணிவான விண்ணப்பம். அடுத்த மாநிலத் தேர்தல் அறிவித்த அன்று ஐஃபாவை அது இருக்கும் இடத்திலிருந்து கழற்றி, டுரியான் துங்காலிலோ தெபோங்கிலோ ஒரு கோயில் மண்டபத்தில், மேடையை ஒட்டிப் பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பேசுகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், எண் சொன்னவுடன் அது ஒலிபெருக்கியில் சொல்லட்டும். தவறான எண்ணுக்கு ஐந்து லட்சம் வேண்டாம். எங்களுக்கு அவ்வளவு பேராசை இல்லை. டென்மார்க்காரருக்குப் போட்ட அதே பத்தாயிரம் போதும். முதல் வாரத்திலேயே மாநிலத்தில் இருக்கிற எல்லாத் தமிழ்ப் பள்ளிக்கும் கூரை மாற்றிவிடலாம்.