ராசிங்காபுரம் துறைமுகம்: ஒரு தாழ்மையான விண்ணப்பம்

பெறுநர்: துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் வட்டம், ராசிங்காபுரத்தைச் சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகமாக அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மாண்பமை ஐயா,

பாரதத்தின் கரையெல்லாம் கப்பல் வந்து நிற்க வேண்டும் என்று தாங்கள் படும் பாடு, எந்தக் கடலிலிருந்தும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற எங்களுக்கும் தெரியும். 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் ‘குரூஸ் பாரத் மிஷன்’ தொடங்கி, 2029-க்குள் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்குவோம் என்று அறிவித்தீர்கள். அந்தப் புண்ணியத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொச்சியில் நிற்கப்போகும் ஒரு கப்பலின் துண்டறிக்கை இங்கே வாட்ஸப்பில் சுற்றுகிறது. கம்பெனி பேர் எதற்கு, எல்லாம் ஒரே அச்சு. ‘மலைகளில் ஒரு காட்டுயிர் நாள்’ என்று தலைப்பு. காலை ஏழு மணிக்குக் கரை இறங்கி, மூணாறு போய், டாப் ஸ்டேஷனில் இருபது நிமிடம் நின்று, கீழே விரிந்து கிடக்கும் ‘ஆளரவமற்ற பள்ளத்தாக்கை’ப் படம் பிடித்துக்கொண்டு, இரவு எட்டு மணிக்குள் கப்பல் ஏறிவிட வேண்டுமாம். அந்த ஆளரவமற்ற பள்ளத்தாக்கில்தான் ஐயா குரங்கணி இருக்கிறது, கொட்டகுடி இருக்கிறது, போடி இருக்கிறது. பனி விலகினால் அதற்குத் தெற்கே நாங்களும் இருக்கிறோம். ஓட்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் மட்டும் ஆள் இல்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆளே இல்லாத ஊரில் நிலம் எடுக்க ஆட்சேபம் வராது, கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படாது. துறைமுகம் கட்ட இதைவிடத் தோதான இடம் தங்களுக்கு எங்கே கிடைக்கும்?

கடல் இல்லையே என்று கீழ்நிலை அலுவலர் யாராவது கோப்பில் குறிப்பு எழுதக்கூடும். அது சின்னக் குறைதான். எங்களுக்குப் பக்கத்து அம்பரப்பர் மலையைக் குடைந்து, பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, மலைக்குள் 50,000 டன் இரும்பைக் கொண்டுபோய் நிறுத்துவதாகத்தான் திட்டம். மலைக்குள் அவ்வளவு இரும்பு போகுமென்றால் ஊருக்குள் ஒரு கப்பல் வராதா? தவிர, நியூட்ரினோ என்பது எதையும் தொடாமல், எதனாலும் தொடப்படாமல் மலையை ஊடுருவிப் போய்விடும் துகள் என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். கரை இறங்கும் கப்பல் பயணியை இதைவிடச் சுருக்கமாக யாரும் வர்ணித்ததில்லை. துறைமுகத்தோடு எங்களுக்குப் பழைய உறவும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டு வண்டியில் போடி சேர்ந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்தச் சரக்குப் பாதையின் மேல்முனை என்பதால் வந்ததுதான். அன்றைக்குத் தேயிலை எங்கள் வழியாகக் கப்பலுக்குப் போனது. இன்றைக்குக் கப்பலிலிருந்து வருபவருக்கு நாங்கள் கண்ணில் படவில்லை. இன்னொரு வேடிக்கை, டாப் ஸ்டேஷன் காட்சிமுனையே தேனி மாவட்டத்து மண். கொழுக்குமலையும் அப்படித்தான், ஆனால் ஜீப் ஏற வேண்டியது கேரளத்துச் சூரியநெல்லியில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொச்சியிலிருந்து மூணாறு 130 கிலோமீட்டர். மலைப்பாதையில் நாலு மணி நேரம். டாப் ஸ்டேஷனுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். போக வரப் பத்து மணி நேரம் வண்டிக்குள் கழிய, மிச்சம் மூன்று மணி நேரத்தில் சாப்பாடு, ஏலக்காய்க் கடை, காட்டுயிர் மூன்றும் அடங்க வேண்டும். மூணாற்றுப் பக்கத்து இரவிகுளம் பூங்காவில் வரையாடு பார்க்கலாம் என்பார்கள். குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். கொச்சிக்குக் கப்பல்கள் வரிசைகட்டி வருவதும் அந்த மாதங்களை உள்ளடக்கிய பருவத்தில்தான். வரையாட்டிடம் யாரும் கப்பல் அட்டவணையைக் காட்டவில்லை போலிருக்கிறது. யானையோ விடியலிலும் அந்தியிலும் நடமாடுகிற ஜீவன். விடியும்போது பயணி கப்பலில் இட்லியா ஆம்லெட்டா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அந்தியில் கப்பல் போய்விடுமோ என்ற பயத்தில் கொச்சிச் சாலையில் பறந்துகொண்டிருப்பார். ஆக, வண்டி மலையில் நிற்கிற நேரமும் விலங்கு வெளியே வருகிற நேரமும் சந்திக்காதபடி கவனமாகத் திட்டமிட்டு, அதற்குக் காட்டுயிர் நாள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே விடியலில் இந்தப் பக்கம் வேறொரு பயணம் நடக்கிறது. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் அதைவிட அதிகம் பேர். மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு, இடுப்பில் கட்டிக்கொள்ள மடித்த சாக்கு. போடிமெட்டு தாண்டி ஒரு திருப்பத்தில் யானை லத்தி கிடந்தால் டிரைவர் வண்டியை நிறுத்துவார். லத்தியில் ஆவி போகிறதா, ஈ உட்கார்ந்துவிட்டதா என்று முன்சீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துச் சொல்வார். அதைப் பொறுத்துத்தான் மேலே போவதா, காத்திருப்பதா என்று முடிவாகும். இந்த நாட்டில் காட்டுயிரைத் தினமும் பார்க்கிறவர்கள் இவர்கள்தான். இவர்கள் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்க மிஷன் எதுவும் கிடையாது. விலங்கே கரை இறங்கி ஊர் சுற்றிய கதையும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் என்ற யானையைப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு மே 27 அன்று கம்பம் தெருவில் நடந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள். ஒருவர் உயிர் போயிற்று. ஜூனில் மறுபடி பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பினார்கள். விசா இல்லாமல் இத்தனை நிறுத்தம் பார்த்த பயணி அதற்கு முன்னும் பின்னும் இல்லை.

கப்பல் வந்தால் வருமானம்தானே, ஏன் குறுக்கே விழுகிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பயணம் கப்பலிலேயே விற்று, கப்பலிலேயே பணம் வாங்கப்படுகிற சரக்கு. கொச்சி டாக்ஸிக்காரருக்கும் ஏலக்காய்ப் பொட்டலக் கடைக்கும் கொஞ்சம் சிந்தும். அந்த ஏலக்காயைப் பறித்த கை வரைக்கும் வந்து சேராது. ஒரு நாள் வந்து போகிறவர் என்ன கெடுத்துவிடப் போகிறார் என்பது அடுத்த வாதம். உண்மையைச் சொன்னால், சனி ஞாயிறுகளில் பாட்டிலும் பாட்டுப்பெட்டியுமாக ஏறிவரும் நம் பிள்ளைகளைவிடக் கப்பல் பயணி எவ்வளவோ தேவலை. அவர் குப்பையைப் பையில் போட்டுக்கொள்கிறார், யானைக்கு ஹாரன் அடிப்பதில்லை. என் வழக்கு பயணிமேல் அல்ல, அவரை இறக்கிவிடும் விதத்தின்மேல். அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகள் 2009-ல் ஒரு முடிவு எடுத்தன: 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது, சிறிய கப்பலானாலும் ஒரே சமயத்தில் கரையில் 100 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்பது அங்கே நடைமுறை. 1983 முதல் இந்தியாவும் இருக்கிற ஒப்பந்தம்தான் அது. கலாபகஸ் தீவுகளிலோ 16 பேருக்கு ஒரு வழிகாட்டி, அவரும் தேசியப் பூங்காவின் உரிமம் பெற்றவர். அங்கெல்லாம் விதியை வைப்பது கரை; கப்பல் கீழ்ப்படிகிறது. இங்கே கப்பல் மணி பார்க்கிறது, மலை ஓடிவந்து நிற்க வேண்டியிருக்கிறது. பென்குயினுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி ராசிங்காபுரத்துக்குக் கிடைத்தாலும், துறைமுகத் திறப்பு விழாவில் தங்களுக்கு ஏலக்காய் மாலை நிச்சயம்.

மலையில் கட்டுப்பாடு எதற்கு என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீ. மலையேறப் போயிருந்த 23 பேர் இறந்தார்கள். மார்ச்சில் மலைப்புல் சருகாகக் கிடக்கும், காற்று திரும்பினால் தீ ஆளைவிட வேகமாக மேலேறும் என்பது குரங்கணியில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறது என்ற நினைப்பே பலருக்கு இல்லை. வெந்து கிடந்தவர்களைத் தூக்க ஹெலிகாப்டருக்கு முன்னால் ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் வசிக்கிற இடத்தை ஆளரவமற்றது என்று அச்சடிக்க ஒருவனுக்குக் கை வருகிறது என்றால், அந்தக் கையை என்ன சொல்வது? மன்னிக்கவும், விண்ணப்பத்தில் குரல் உயரக் கூடாது. தங்கள் கருணையை நம்பியே எழுதுகிறேன்.

அந்தத் தீக்குப் பிறகு நல்லதும் நடந்தது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன; 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. செய்ய முடிகிற காரியம்தான் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டாம். ஆகவே துறைமுகம் கட்டி முடியும்வரை இடைக்கால நிவாரணமாகக் கேட்பது இவ்வளவே. கொச்சியில் நிற்கும் கப்பல் காட்டுயிர்ப் பயணம் விற்பதானால், அந்தக் காடு இருக்கிற மாவட்டத்தின் வழிகாட்டி வண்டியில் இருக்க வேண்டும். ஒரே பகலில் போய்த் திரும்ப முடியாத தூரத்தை விற்கவே கூடாது. குட்டி ஈனும் மாதங்களில் வரையாட்டுப் படம் போட்டு ஆள் பிடிக்கக் கூடாது. மலை பார்க்க நிஜமாகவே ஆசைப்படும் பயணி, ஒரு துறைமுகத்தில் இறங்கி, ரெண்டு ராத்திரி தங்கி, அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க வழி செய்ய வேண்டும். கொச்சியில் இறங்கி, போடி இறங்கி, தூத்துக்குடியில் ஏறட்டும். தேயிலைப் பெட்டிக்கு முடிந்தது மனுஷனுக்கு முடியாதா?

கள ஆய்வுக்கு அதிகாரி வருவதானால் ரயிலில் வரலாம். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பிவிட்டது. இந்தக் கணக்கில் கப்பல் எப்போது வரும் என்று தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். போடியில் இறங்கி, தேவாரம் பஸ்ஸில் ஏறி, ராசிங்காபுரம் என்று கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். மலைக்குள் நடக்க ஆசை இருந்தால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்ளட்டும். அமைச்சக அடையாள அட்டையை யானை பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
வருங்காலத் துறைமுகவாசி,
ராசிங்காபுரம்.