கம்பிப் பதம், சொட்டுப் பதம்

கேள்வி: குழாய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. கடலைமிட்டாய்க்குக் காய்ச்சும் வெல்லப்பாகு மட்டும் கம்பியாக நீள்கிறதே, ஏன்?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரிலிருந்து, பாகுப் பதத்தை என்னிடமா கேட்கிறீர்கள்? சரி, எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

எந்தத் திரவ ஒழுக்கையும் உருண்டையாக்கத் துடிப்பது பரப்பு இழுவிசை. ஒழுக்கின் நீளம் அதன் சுற்றளவைத் தாண்டினால் உடையத் தயார் என்றார் பெல்ஜியத்து இயற்பியலாளர் பிளாட்டோ. அதை 1873-ல் புத்தகமாக வெளியிட்டபோது அவருக்குக் கண்பார்வையே இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் பார்த்துச் சொல்ல, அவர் கணித்தார். கண்ணிருந்தும் பாகைத் தீயவிடுகிறவர்கள் கவனிக்க!

தண்ணீர் உடனே உடைந்துவிடும். பாகின் பிசுபிசுப்பு அந்த வேலையை இழுத்தடிக்கும். அதற்குள் பாகு ஆறி, கம்பி நிலைத்துவிடும். சூடு ஏறினால் பரப்பு இழுவிசை கொஞ்சம்தான் குறையும். பிசுபிசுப்போ பல மடங்கு சரியும். அதனால்தான் அடுப்பில் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து சளசளவென்று கொட்டும் பாகு, ஆறியதும் நூல் விடுகிறது. திருவிழாவில் பஞ்சுமிட்டாய்க்காரர் பிழைப்பதும் இதே சூட்சுமத்தில்தான்: சுழலும் துளைகளில் சிதறும் சர்க்கரை, சொட்டாகுமுன் காற்றில் உறைந்துவிடுகிறது.

பாலியெஸ்டர் நூலும் சுமார் 280 டிகிரியில் உருகி, சல்லடைத் துளைகளில் இப்படித்தான் பிறக்கிறது. அதன் மூலக்கூறுகள் மட்டும் இடியாப்பமாகப் பின்னிக் கிடக்கும் நீளச் சங்கிலிகள். சர்க்கரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறிய பாகுக்கம்பி மடக்கென்று முறியும். அதில் சட்டை தைக்க முடியாது. தைத்தாலும் எறும்பு விடாது!