பங்காளிகள்

யாழ்ப்பாணத்தில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் ஒருமுறை செயலமர்வு. என்னையும் அழைத்திருந்தார்கள். பதாகையில் இப்படி இருந்தது: 'தீவகச் சமூகங்களின் நிலைபேறான அபிவிருத்திக்கான பல்துறைப் பங்காண்மைகளைக் கட்டியெழுப்பல்.' வாசித்து முடிக்க எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. தீவைப் பற்றிய கூட்டத்தை ஏன் தீவில் வைக்கவில்லை என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் சிரமம் என்றார். அன்று முழுக்க அந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட உண்மை அது ஒன்றுதான்.

பங்காண்மை புதுச் சொல். பங்காளி பழைய ஆள். பங்காளியை எங்களுக்கு நன்றாகத் தெரியும். செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வருவான். இராவோடு இராவாகக் கதியாலைப் பிடுங்கி அரையடி தள்ளியும் நடுவான். யாழ்ப்பாணத்து அப்புக்காத்துமார் வீடு கட்டியது பங்காளிகளின் காசில். அந்தச் சொல்லுக்கு ஒரு 'மை' பூசி, அபிவிருத்திக்கு மருந்து என்று மேடையில் வைத்திருக்கிறார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் 17 இலக்குகளை வகுத்தது. வறுமை, பசி, படிப்பு, தண்ணீர் என்று 16 வேலை. 17ஆவது, பங்காண்மை. அந்தப் 16 வேலையையும் யார் தலையில் கட்டுவது என்று பேசுவதற்கான இலக்கு அது. அதற்கு முந்திய வருடம் சமோவாவில் சிறு தீவு நாடுகளுக்கு ஒரு மாநாடு கூட்டினார்கள். தொனிப்பொருள், உண்மையான, நீடித்த பங்காண்மை. 'உண்மையான' என்று அழுத்திச் சொல்லவேண்டி வந்ததைக் கவனியுங்கள். போத்தலில் 'சுத்தமான பசுப்பால்' என்று எழுதியிருந்தால் நாங்கள் என்ன நினைப்போம்?

என் பக்கத்துக் கதிரையில் நெடுந்தீவு ஐயா ஒருவர். எழுபதைத் தாண்டியிருப்பார். விடிய முதற் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை எல்லாம் குலுங்கி, பட்டணம் சேர்ந்திருந்தார். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் கிளினிக் கொப்பி. வந்த கையோடு மருந்தும் எடுத்துவிடலாம் என்ற கணக்கு. வளவாளர் திரையில் 'நிலைபேறு' என்று போட்டு, அதைச் சுற்றி வட்டம் கீறி, வட்டத்தைச் சுற்றி அம்புக்குறி விட்டார். ஐயா என் காதுப்பக்கம் சரிந்தார்.

"தம்பி, உது என்ன பேறு?"

"நிலைபேறு, ஐயா."

"எங்கட ஊரில பேறு எண்டால் பிள்ளைப்பேறு ஒண்டுதான். அதுக்கும் இஞ்சதான் வரவேணும். கடல் எழும்பினால் அதுவும் இல்லை."

வளவாளர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

'சமூகத்தின் குரல்' என்ற அமர்வு பின்னேரம் மூன்று மணிக்கு. ஐயா ஒன்றரைக்கே எழும்பிவிட்டார். கடைசிப் படகை விட்டால் இரவு இறங்குதுறைச் சீமெந்தில்தான் படுக்கை. சமூகம் போய்விட்டது. குரல் மட்டும் மூன்று மணிக்குச் சரியாகத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

இது சின்ன நாடகம். பெரிய நாடகம் மின்சாரம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்றுக்கும் நாட்டின் மின்வலையோடு தொடுப்பில்லை. டீசல் கடலால் வரும். ஜெனரேட்டர் உறுமும். தலைக்கு மேலே வருடம் முழுக்க வெயில். சோளகமும் வாடையும் முறை வைத்து வீசும். எங்கோ தோண்டிய எண்ணெய் எங்கோ கப்பலேறி, லொறியேறி, படகேறி வந்து எரிய, வெயில் மதில்கல்லில் காய்ந்து கிடக்கும். காற்றையும் வெயிலையும் கலந்து மின்சாரம் எடுக்க முடியாதா? முடியும். பக்கத்து எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அப்படி ஒரு சின்ன நிலையம் முன்னமே போட்டுக் காட்டியாயிற்று. ஆகவே தொழில்நுட்பத்தில் குறை சொல்லவேண்டாம். அது பாவம்.

2021 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காசு ஆசிய அபிவிருத்தி வங்கியுடையது. கிட்டத்தட்ட 12 மில்லியன் டொலர். டெண்டரை வென்றது சீனக் கூட்டு நிறுவனம், சினோசோர்-எடெக்வின். அடுத்த நாளே டெல்லிக்கு நெஞ்சு படபடத்தது. இந்தத் தீவுகள் இராமேஸ்வரத்திலிருந்து 50 கிலோமீட்டர் அளவில் கிடக்கின்றன. நெடுந்தீவில் ஒரு வீட்டுக் குசினிக்குள் பல்ப் எரிந்தால் அது பல்ப். சீனாக்காரன் பூட்டிய பல்ப் என்றால் அது கண்.

இத்தனை வருடம் அந்தத் தீவுக்காரன் டீசல் புகையைக் குடித்தபோது டெல்லிக்கு இருமல் வரவில்லை. பெய்ஜிங்குக்கும் வரவில்லை. கொழும்புக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. இலவசமாக வெளிச்சம் தருகிறேன் என்று இந்தியா சொன்னது, சீனா கொள்ளிக்கட்டையோடு வாசலில் நின்றதைக் கண்ட பிறகுதான்.

வருடம் முழுக்க இழுபட்டது. 2021 கடைசியில் சீனத் தூதரகம் திட்டம் நிறுத்தப்பட்டதாக அறிவித்தது. காரணம், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனை. அந்தச் சொல்லைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். இலங்கை ஒரு தரப்பு. சீனா இன்னொரு தரப்பு. மூன்றாம் தரப்பு இந்தியா. ஜெனரேட்டர் பக்கத்தில் படுத்திருப்பவன் எத்தனையாம் தரப்பு? எண்ணிக்கையில் வரவே இல்லை. அந்த நிறுவனத்துக்கும் நட்டமில்லை. மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரியமின் நிலையம் போட ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போய்விட்டது. அங்கேயும் கடல்தான், அங்கேயும் வெயில்தான். இராமேஸ்வரம்தான் பக்கத்தில் இல்லை.

அதே டிசெம்பரில் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, வெறும் மேலோடு நல்லூர் வீதியில் நின்றார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வடிவான படம். நல்லூர்க் கந்தனுக்கு மின்வெட்டுக் கிடையாது என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லைப்போல.

பிறகு இந்தியாவின் முறை. 2022 மார்ச் 28, கொழும்பில் புரிந்துணர்வு உடன்படிக்கை. வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் வந்திருந்தார். கொழும்பே மணிக்கணக்கில் இருட்டில் கிடந்த நாட்கள் அவை. இருட்டுக்குள் இருந்தவர்கள் இருட்டுக்குள் இருந்தவர்களுக்கு வெளிச்சம் தருவதாக ஒப்பமிட்டார்கள். ஒப்பம் காய இன்னும் இரண்டு வருடம். 2024 மார்ச் 1 இல்தான் பெங்களூர் நிறுவனமான யூ-சோலாரோடு வேலை ஒப்பந்தம் எழுதப்பட்டது. இந்திய நன்கொடை 11 மில்லியன் டொலர். சூரியனில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட், மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாட் மணி. அவசரத்துக்குக் கைகொடுக்க டீசல் 2,500 கிலோவாட். கூட்டிப் பார்த்தேன். காற்றையும் சூரியனையும் சேர்த்தாலும் டீசல் ஒரு படி மேலேதான் நிற்கிறது. டீசல் பழைய பங்காளி. எளிதில் எல்லையை விட்டுக்கொடுக்காது.

முதற் தீர்மானத்துக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையில் மூன்று வருடத்துக்கு மேல். இரண்டு வல்லரசு, ஒரு சர்வதேச வங்கி, ஒரு அமைச்சரவை, ஒரு மின்சார சபை, இரண்டு நிறுவனம். பல்துறைப் பங்காண்மை என்றால் இதைவிடப் பலம் எங்கே தேடுவது? பதாகையில் இருந்தது அத்தனையும் இதில் இருந்தது. தீவுக்காரன் மட்டும் இல்லை. அவன் பயனாளி. பயனாளிக்குப் பங்கு கிடையாது. படம் பிடிக்கும்போது கூப்பிடுவார்கள்.

கேட்ட தீவுக்கு இப்படி. வேண்டாம் என்ற தீவுக்கு என்ன நடந்தது?

மன்னாரும் தீவுதான். பாலம் போட்டதால் மறந்துவிடுகிறோம். அங்கே தென்கரையில் 30 காற்றாலை சுழல்கின்றன. தம்பபவனி என்று பெயர். 100 மெகாவாட். திறந்தது 2020 டிசெம்பர். அந்த மின்சாரம் மன்னாருக்கென்று நிற்பதில்லை. தேசிய மின்வலைக்குப் போய்விடும். மழைத் தண்ணீர் வடிகிற வழியை அடைத்துவிட்டார்கள், வீட்டுக்குள் வெள்ளம் நிற்கிறது, கரைவலைக்கு மீன் வருவதில்லை என்று சனம் சொன்னது. சனம் சொன்னால் அது உணர்ச்சிவசப்படுதல். ஆய்வறிக்கை சொன்னால்தான் பிரச்சினை.

பிறகு இந்தியப் பெருமுதலாளி அதானி வந்தார். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட், 442 மில்லியன் டொலர். டெண்டர் கிடையாது. சீனாக்காரன் டெண்டரில் வென்றும் போகவேண்டி வந்தது; இவர் டெண்டரே இல்லாமல் வந்தார். 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர் பேர்டினாண்டோ நாடாளுமன்றக் குழுவின் முன்னால் ஒரு வார்த்தை விட்டார். இந்தியப் பிரதமர் மோடி வற்புறுத்துவதால் இதை அதானிக்குக் கொடுக்கச் சொல்லி ஜனாதிபதி கோட்டாபய தன்னிடம் கூறினார் என்று. கோட்டாபய மறுத்தார். அடுத்த நாள் தலைவரும் சொன்னதை விழுங்கினார். உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டாராம். இரண்டொரு நாளில் பதவியும் போய்விட்டது. பாருங்கள், மின்சார சபையின் தலைவனுக்கும் மன்னார் மீனவனுக்கும் ஒரே வருத்தம்தான். உண்மை வாயில் வந்தால் உணர்ச்சி.

2025 பெப்ரவரியில் அதானி விலகினார். மன்னார்ச் சனம் அழுததற்காக இல்லை. புது அரசு விலையைக் குறைக்கக் கேட்டது, கணக்கு ஒத்துவரவில்லை. ஆள் மாறினாலும் காற்றாலை மாறவில்லை. வேறு நிறுவனங்கள் வந்தன. ஆகஸ்டில் சனம் தெருவில் குந்தியது. அரசு ஒரு மாதம் தவணை கேட்டது. தவணை முடிந்த செப்டெம்பரில் ஓர் இரவு காற்றாலைப் பாகங்கள் பொலிஸ் காவலோடு ஊருக்குள் வந்தன. எதிர்த்தவர்கள் அடி வாங்கினார்கள். எங்கள் பங்காளிகளும் கதியாலை இரவில்தான் நகர்த்துவார்கள். பொலிஸைத் துணைக்குக் கூப்பிடும் துணிவுதான் அவர்களுக்கு இல்லை.

ஆளிருக்கிற தீவு இப்படி என்றால், ஆளில்லாத தீவின் அந்தஸ்தைப் பாருங்கள். கச்சதீவு. 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பு கிடையாது. ஓர் அந்தோனியார் கோயில், வருடத்துக்கொரு திருவிழா. நெடுந்தீவுக்கு மின்சாரம் போட பெங்களூர் நிறுவனம் கையெழுத்திட்ட அதே 2024 மார்ச். அந்தக் கையெழுத்து பத்திரிகையில் ஒரு மூலை. மாதம் முடிந்த 31ஆம் திகதி, இந்தியத் தேர்தல் களத்தில் மோடி கச்சதீவை எடுத்தார். இந்தியா முழுக்கத் தலைப்புச் செய்தி. 1974 இல் அதை இலங்கைக்கு யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று வாரக்கணக்கில் தொலைக்காட்சியில் சண்டை. தமிழ்நாட்டில் இன்றைக்கும் மேடை ஏறுகிறவர் கச்சதீவை மீட்காமல் இறங்குவதில்லை. இங்கே மட்டும் என்ன? 2025 செப்டெம்பர் 1, ஜனாதிபதி அனுர கடற்படைப் படகில் கச்சதீவுக்குப் போய் இறங்கினார். அங்கே போன முதல் ஜனாதிபதி என்று பெருமை வேறு. மனுக் கொடுக்க ஆளில்லாத தீவில் இறங்குவது சுகம்தான்.

நெடுந்தீவுச் சனம் செய்த பிழை, அங்கே குடியிருந்தது.

எங்களையும் விட்டுவிடக் கூடாது. நீண்ட விடுமுறை வந்தால் பட்டணத்துப் பெடியள் நெடுந்தீவுக்குப் போகிறார்கள். பெருக்கு மரத்துக்குள் நின்று ஒரு படம், குதிரையோடு ஒரு படம். தண்ணீர்ப் போத்தலை அங்கேயே எறிந்துவிட்டு, படகில் இடமில்லை என்று ஊர்க் கிழவியோடு சண்டை. வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் கோபுரத்துக்கு அனுப்பும் காசில் கால்வாசி படகுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அரசியல்வாதிகளைக் கேட்கவே வேண்டாம். தேர்தலுக்குத் தேர்தல் புதுப் படகு விடுவார்கள், வாயால். இருக்கிற படகுகளுக்குப் பெயர் மட்டும் அழகு. வடதாரகை, நெடுந்தாரகை. தாரகை என்றால் நட்சத்திரம். வானம் தெளிந்தால்தான் காணலாம். குமுதினியைச் சொல்லாமல் விடமுடியாது. 1985 மே 15 அன்று நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டிச் சரித்த அதே படகு. கழுவித் திருத்தி, பிறகும் பல வருடம் அதே சனத்தை ஏற்றி ஓடியது. நிலைபேறு என்ற சொல்லுக்கு அந்த வளவாளர் உதாரணம் தேடித் தவித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. பற்றீஸ் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. வழுவழுப்பான அட்டை, உள்ளே ஏழு நிறத்தில் வட்டங்கள். பரிந்துரைகளில் முதலாவது, இத்தகைய செயலமர்வுகளைத் தொடர்ந்து நடத்த வேண்டும். 'சமூகப் பங்கேற்பு' என்ற தலைப்பின் கீழ் வரவுப் பதிவைப் போட்டிருந்தார்கள். ஐயாவின் ஒப்பம் காலைக் கட்டத்திலும் இருந்தது, பின்னேரக் கட்டத்திலும் இருந்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. விடியவே இரண்டிலும் போடுங்கோ ஐயா, சாப்பாட்டுக் கணக்குக்கு வேணும் என்று வாசலில் இருந்த பிள்ளை சொன்னது.

படமும் இருந்தது. 'ஆர்வத்துடன் கலந்துகொண்ட தீவக மக்கள்' என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் தீவக மக்கள் என்றிருப்பது அவர் ஒருவர்தான். மடியில் பை. மற்றவர்கள் திரையைப் பார்க்கிறார்கள். ஐயா பார்ப்பது சுவர் மணிக்கூட்டை.